கறுப்பு காரில் விழுந்த மெல்லிய கீறல்களை எடுக்க எந்த பாலிஷ் வாங்கலாம்?

திருவொற்றியூரில் தெருவிலேயே நிறுத்தும் கறுப்பு கார், வெயில் பட்டால் பானட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், கடையில் ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் என்று மூன்றைக் காட்டுகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் பாலிஷை வாங்குங்கள். அதிலும் மிக நைசான ரகத்தை. காம்பவுண்ட் வேண்டாம். வாக்ஸ் பிறகு தேவைப்படும், ஆனால் அது கீறலை எடுக்காது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடைக்காரர் எதை நீட்டினாலும் நீங்களே முடிவு செய்யலாம். இன்றைய கார்களில் கறுப்பு நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. நீங்கள் பார்க்கும் கோடுகள் அதன் மேல்பரப்பில் விழுந்தவை. பாலிஷ் அந்தக் கோடுகளை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் பூச்சைத் தேய்த்து, கோட்டின் அடிமட்டத்துக்கு இறக்குகிறது. அதாவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகிறது, போனது திரும்பாது. மீதி இருப்பதை வைத்துத்தான் அந்த கார் ஆயுள் முழுக்க சென்னை வெயிலைத் தாங்க வேண்டும். அதனால்தான் குறைவாகத் தேய்க்கும் மருந்தில் ஆரம்பியுங்கள் என்று அடித்துச் சொல்கிறேன். காம்பவுண்டில் இருக்கும் துகள் பெரியது, வேகமாக வெட்டும். கறுப்பு வண்டியில் தன் பங்குக்குப் புது மங்கலையும் விட்டுப்போகும்.

வாங்குவதற்கு முன் கீறலைச் சோதியுங்கள். விரல் நகத்தை அதன் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், எந்த பாலிஷும் அதை முழுதாக எடுக்காது. டச்சப் அல்லது பெயிண்ட் வேலைதான். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கையாலேயே சரிசெய்யலாம். தண்ணீர் தடவியதும் கோடு மறைந்தால் அதுவும் நல்ல அறிகுறி. வண்டி பழையது, அல்லது ரீபெயிண்ட் செய்தது என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: பாலிஷ் தேய்த்த துணியில் கறுப்பு நிறம் ஒட்டினால் அந்த இடத்தில் கிளியர் கோட் இல்லை, நிறமே கழன்று வருகிறது. மிகவும் லேசான கை போதும்.

பெயர் கேட்பீர்கள். கையால் போடுவதற்கு மெக்வையர்ஸ் அல்டிமேட் பாலிஷ் நல்ல தேர்வு. அதற்கும் அசையாத ஓரிரு கோடுகள், முக்கியமாகக் கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் குழிவில் நகம் பட்டு விழுந்தவை இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் அதே நிறுவனத்தின் அல்டிமேட் காம்பவுண்ட் ஒரு சொட்டு. லேபிளில் கீறல் போகும் என்று எழுதியிருந்தும் உள்ளே மெழுகும் எண்ணெயும்தான் அதிகம் என்ற சரக்கும் கடைகளில் உண்டு. அது கோட்டை நிரப்பிப் பளபளப்பாகக் காட்டும், சில வாஷில் கோடு மறுபடி தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து துடைத்துப் பாருங்கள். கோடு உடனே திரும்பி வந்தால் அது வெறும் நிரப்பல்.

போடும் விதம் டப்பாவைவிட முக்கியம். காரை நன்றாகக் கழுவி, பாலிதீன் பைக்குள் கையை விட்டுப் பானட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் கிளே பார் (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி) போட்டு ஒட்டியதை எடுத்துவிட்டுத்தான் பாலிஷ். இல்லாவிட்டால் அந்தத் துகளையே சேர்த்துத் தேய்ப்பீர்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து பிடித்துக்கொள்ளும். கறுப்பு பிளாஸ்டிக் பகுதிகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அதில் பட்டால் வெள்ளைக் கறை எளிதில் போகாது. பானட்டின் மடிப்பு முனைகளில் பூச்சு மெல்லியது, அங்கே அழுத்த வேண்டாம். முதலில் ஒன்றரை அடி சதுரம் மட்டும் செய்து, வெயிலில் பார்த்துத் திருப்தியானால் மற்றதைத் தொடுங்கள். பட்டறையில் கொடுப்பதாக இருந்தால் டிஏ பாலிஷரில் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றபடியே ஆடும் மெஷின்) போடச் சொல்லுங்கள். கம்பளிப் பேட் மாட்டிய ரோட்டரி மெஷின் பழகாத கையில் இருந்தால், கறுப்பு வண்டியில் வெயிலில் நெளிநெளியாக ஒளி ஓடும் தழும்பு விழும்.

இனி நம் பகுதி விஷயம். இதைச் சரிசெய்யாமல் எத்தனை பாலிஷ் போட்டாலும் கோடு திரும்பி வரும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண், கடற்கரை மணல், அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல் எல்லாம் கலந்துதான் காரில் படிகிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. சாம்பலிலும் சிலிக்காவும் அலுமினாவும்தான் பெரும்பகுதி. கடல் காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து இவை எல்லாவற்றையும் பூச்சோடு ஒட்டவைக்கிறது. இந்த நிலையில் காலையில் ஒருவர் வந்து பனியன் வேஸ்ட்டால் உலர்ந்தபடி துடைத்துவிட்டுப் போனால், அவர் கை சுற்றும் வட்டம்தான் உங்கள் பானட்டில் தெரியும் வட்டம். அவர்மேல் குறை இல்லை, துடைக்கத்தானே சம்பளம் தருகிறோம். உலர்ந்து துடைக்க வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றிய பிறகு கை வைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். ஷாம்புத் தண்ணீருக்கு ஒரு பக்கெட், துணியை அலச இன்னொன்று, மைக்ரோஃபைபர் துணி. தூசி படிந்த வண்டிமேல் கவர் போடுவதும் இதே கீறலைத்தான் தரும், காற்றில் அது ஆடி ஆடித் தேய்க்கும்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். மீஞ்சூர் தொடங்கி நம் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது பழைய கதை; அந்தத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதையும் கீறல் என்று நினைத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்து வையுங்கள். பாலிஷ் முடிந்த அன்றே சீலன்ட் போட்டுவிடுங்கள், வாக்ஸ் செய்யும் வேலையையே செய்யும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சு அது. கார்னூபா என்ற பனை மெழுகில் செய்த வாக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் தெருவில் நிற்கும் வண்டியில் சீலன்ட் அளவுக்கு நாள் தாங்காது. சாமான் எல்லாம் அண்ணா சாலை பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். சின்ன பாட்டிலே கேளுங்கள், ஒரு காருக்குத் தாராளம்.