ஆலோசகருக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும்

கேள்வி: நான் மனநல ஆலோசகர். சில மாதங்களாகக் காலையில் எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை. எதிரே இருப்பவர் அழுதாலும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. இது மனச்சோர்வு என்று தெரிகிறது. மற்றவர்களுக்குச் சொல்வதையெல்லாம் நானே செய்து பார்த்துவிட்டேன். வெளியே சொல்ல பயம். இந்த வேலைக்கு நான் லாயக்குதானா?

பதில்: நோய் வந்துவிட்டதாலேயே யாரும் லாயக்கற்றவர் ஆகிவிடுவதில்லை. தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களுக்காக டிபிடி என்ற சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், பதின்வயதில் மனநல மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அதை அவர் பொதுவில் சொன்னது 2011இல்தான். அதனால் உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கவலை தருவது 'நானே செய்து பார்த்துவிட்டேன்' என்ற வரிதான். மனச்சோர்வு முதலில் கெடுப்பதே நம்மைப் பற்றிய நம் கணிப்பை. அந்தக் கணிப்பை வைத்துக்கொண்டு உங்களுக்கு நீங்களே சிகிச்சை தர முடியாது. உங்கள் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு மனநல மருத்துவரிடம் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் இப்படிச் சோர்வு தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று நீங்கள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும்.

அங்கே போய்த் தொழில் மொழியில் பேசாதீர்கள். 'ஆர்வக் குறைவு இருக்கிறது' என்று அறிக்கை வாசிக்காமல், 'மூன்று நாளாகக் குளிக்கவில்லை' என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். துறையில் இருப்பவர்கள் தங்கள் வலியை விளக்கத் தொடங்கிவிடுவார்கள், வலியைச் சொல்ல மாட்டார்கள்.

வெறும் வேலைக் களைப்பாக, அதாவது 'பர்ன்அவுட்' ஆக இருக்குமோ என்ற சந்தேகமும் வரலாம். உலக சுகாதார நிறுவனம் அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வகைப்படுத்துகிறது. அது பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். விடுமுறையிலும் பிடித்த எதுவும் ருசிக்கவில்லை என்றால் விஷயம் வேலையோடு நிற்கவில்லை. எப்படியானாலும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையான மேற்பார்வையாளர் ஒருவரிடம் மட்டும் சொல்லி, கொஞ்ச காலத்துக்குக் கடினமான கேஸ்களைக் குறைக்கச் சொல்லுங்கள். அமர்வுகளுக்கு நடுவே இடைவெளியும் கேளுங்கள். அழுபவரைப் பார்த்து மனம் அசையாமல் இருப்பது கல்நெஞ்சம் அல்ல, அதுவும் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவரைக் கவனிக்கவே முடியாத நாளில் லீவு எடுங்கள். அது அவருக்கும் நல்லது.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். உயிரை விடும் எண்ணம் வருகிறதா? வந்தால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். இன்றே நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அவரோடு அவசர சிகிச்சைக்குப் போங்கள். என்ன பதில் சொன்னால் மருத்துவர் மேற்கொண்டு கேட்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பதிலைச் சொல்லாதீர்கள்.