லேபிள் இல்லாத பாட்டிலும் அம்மாவின் சிறுநீர்த் தொற்றும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் வெருலமில் வீட்டுக்குப் பின்னால் 60 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். முட்டையைத் தெருவிலேயே விற்றுவிடுவேன். கோழிகளுக்குச் சளி பிடித்து மூச்சு இழுத்தபோது, பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) தீவனம் கொண்டுவருபவர் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். தண்ணீரில் கலந்து கொடுத்தேன். இப்போது அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்திருக்கிறது. கோழிகள்தான் காரணமா? எல்லாவற்றையும் விற்றுவிடவா?

பதில்: விற்க வேண்டாம். இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் கோழிமீது பழி போட யாராலும் முடியாது. சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் இ.கோலை என்ற பாக்டீரியா பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே வருகிறது. அம்மா சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா, ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்று கேளுங்கள். சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்று போட்ட மருந்து வேலை செய்யும், ‘ஆர்’ செய்யாது. அதைப் பார்த்து அவருடைய டாக்டர் முடிவு செய்வார். நான் கோழி, மாடு பார்க்கிறவன். அதற்குமேல் அதில் தலையிடமாட்டேன்.

ஆனால் அந்தப் பாட்டிலை விடமாட்டேன். சளிக்கு என்று பக்கிக்காரர்கள் கொடுப்பதில் என்ரோஃப்ளாக்சசின் இருக்கலாம். அது சிப்ரோவின் குடும்பம்தான். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோவாகவே மாறிவிடும். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அசையாது. அமெரிக்காவில் கோழிக்கு அதைக் கொடுப்பதை 2005-லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே கால்நடை மருத்துவரின் சீட்டு வேண்டும். பக்கிக்காரரிடம் ஏது சீட்டு? ‘வைட்டமின்’ என்று சொல்லி விற்கும் மஞ்சள் பொடியும் இதே கதைதான். பல நேரம் அதில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கும். தீவனமும் மருந்தும் ஒரே ஆள் விற்றால், உங்கள் கோழி எப்போதும் கொஞ்சம் நோயாக இருப்பதுதான் அவருக்கு வசதி.

சட்டத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 1965-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி சில ஆன்டிபயாடிக்குக்குச் சீட்டு கட்டாயம். 1947-ஆம் ஆண்டின் சட்டப்படி ஆக்சிடெட்ராசைக்ளினை எந்த கோ-ஆப்பிலும் (விவசாயக் கூட்டுறவுக் கடையிலும்) உரம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போகலாம். ஒன்றைச் சுகாதாரத் துறை பார்க்கிறது, மற்றதை விவசாயத் துறை பார்க்கிறது. கிருமி எந்தத் துறைக்கும் கட்டுப்படாது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கையே முறியடிக்கும் மரபணுவைச் சீனாவில் 2015-இல் கண்டுபிடித்தார்கள். 2016-இல் அது தென்னாப்பிரிக்கக் கோழிகளிலும் நோயாளிகளிடமும் இருப்பது தெரிந்தது. இந்த மரபணுக்கள் பல, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் துண்டுகளில் இருக்கின்றன. ஒரே துண்டில் மூன்று நான்கு மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் மலிவான ஒரு மருந்தைக் கொடுத்து, நீங்கள் தொடாத மருந்துக்கும் எதிர்ப்பை வளர்த்துவிடலாம்.

இன்னொரு குழப்பம் எல்லாரிடமும் இருக்கிறது. மருந்தை நிறுத்தி இத்தனை நாள் முட்டை விற்காதே என்று லேபிளில் இருக்கும். அந்த நாள் கடந்தால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். முட்டையில் தங்கும் மருந்துக்குத்தான் அந்தக் கணக்கு. எதிர்ப்புப் பெற்ற கிருமி கோழி எச்சத்திலும் கூளத்திலும் உங்கள் கையிலும் அதற்குப் பிறகும் இருக்கும். கூட்டிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கூட்டுக்கென்று தனிச் செருப்பு வையுங்கள். மக்காத கோழி எருவைக் கொத்தமல்லிப் பாத்திக்குப் போடாமல், குவித்து நன்றாகச் சூடேறி மக்கிய பிறகு போடுங்கள். முட்டையை முழுதாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கிருமி வீட்டிலிருந்து கோழிக்கும் போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

கோழி மருந்தெல்லாம் விஷம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். குஞ்சுகளுக்கு எச்சத்தில் ரத்தம் வந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. அதற்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் ஆன்டிபயாடிக் வகையே இல்லை. பாக்டீரியாவை அது தொடாது, நாம் பேசும் எதிர்ப்பையும் அது வளர்க்காது. தயங்காமல் கொடுக்கலாம், லேபிளில் உள்ள அளவில். ஆனால் அதே ரத்தக் கழிச்சலுக்கு சல்ஃபா மருந்தும் விற்கிறார்கள். அது ஆன்டிபயாடிக் கணக்கில் வரும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், படமும் ஒரே சேவல் படமாக இருக்கும். பெயரைப் படித்து வாங்குங்கள். ‘ரத்தக் கழிச்சல் மருந்து’ என்று மட்டும் கேட்டால் கையில் கிடைப்பதைத்தான் கொடுப்பார்கள்.

சரி, சளிக்கு வருவோம். நியூகாசில், பிராங்கைட்டிஸ் இரண்டும் வைரஸ். எந்த ஆன்டிபயாடிக்கும் அவற்றைத் தொடாது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா என்றால் சரியான மருந்து கேட்கும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். திரும்பவும் மூச்சு இழுத்தால் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நியூகாசில் என்ற சந்தேகம் இருந்தாலே சொல்லியாக வேண்டும். செத்த கோழியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆலர்ட்டன் ஆய்வுக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது என்று அவரிடமே கேளுங்கள். போன் எடுக்க நேரமாகும்; பக்கிக்காரர் போல வாசலுக்கு வரமாட்டார்கள். விடாமல் கூப்பிடுங்கள். நியூகாசில் தடுப்பூசியைக் காலத்தில் போட்டால் பாதி பாட்டில்கள் தேவையே படாது.

மிச்சமிருக்கும் மருந்தைக் கொட்டிவிடாமல், பாட்டிலோடு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே இருப்பது என்ன, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லும்வரை ஒரு முட்டைகூட விற்காதீர்கள். வீட்டிலும் அந்த முட்டை வேண்டாம்.