டீச்சரிடம் கேளுங்கள்: விரல் ஷூ போட்டு மதுரையில் நடப்பது

சென்ற மாதம் முழங்கால் வலி பற்றிய ஒரு பதிலில், எட்டு வருடமாக விரல் ஷூ போட்டுக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கையுறையில் விரலுக்கு விரல் உறை இருப்பதுபோல, கால்விரல் ஐந்துக்கும் தனித்தனி உறை வைத்த ஷூ அது. அடியில் மெல்லிய ரப்பர்தான். குதிகாலில் உயரம் கிடையாது, உள்ளே மெத்தையும் கிடையாது. இத்தாலியில் ராபர்ட் ஃப்ளிரி என்ற வடிவமைப்பு மாணவருக்குத் தோன்றிய யோசனை இது. மலையேறும் பூட்ஸுக்கு ரப்பர் அடிப்பாகம் செய்துவந்த விப்ரம் கம்பெனி, 2000-களின் நடுவில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

டீச்சர், எனக்கு 31 வயது. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. விரல் ஷூ வாங்கி மூன்று வாரமாகக் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடுகிறேன். அதையே ஆபீசுக்கும் போட்டுப் போகிறேன். இரண்டு கெண்டைக்காலும் கல் மாதிரி இறுகிவிட்டன, மாடிப்படி இறங்க முடியவில்லை. ஆபீசில் எல்லோரும் முதலில் என் காலைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தை. விட்டுவிடலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

தம்பி, ஷூவை விட வேண்டாம். ஓட்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கெண்டைக்கால் ஏன் இறுகுகிறது என்றால், நீங்கள் இதுவரை போட்ட ஓட்ட ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் உயரமாக இருந்திருக்கும். பல வருடம் அந்த உயரத்தில் நின்ற தசையும் குதிகால் தசைநாணும் அந்த நீளத்துக்கே பழகிவிட்டன. திடீரென்று குதிகாலைத் தரைக்கு இறக்கினால் அவை ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக இழுபட வேண்டும். அதோடு, மெத்தை இல்லாத காலில் ஓடுகிறவர்களில் பலர் தங்களை அறியாமலே குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தை ஊன்றத் தொடங்குவார்கள். வெறுங்காலிலேயே ஓடி வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அப்படி ஊன்றுகிறார்கள், அதனால் தரை திருப்பி இடிக்கிற இடி குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010-ல் எழுதியது. இடி குறைகிறது, சரி. அந்த வேலையைக் கெண்டைக்கால் அல்லவா எடுத்துக்கொள்கிறது? உங்கள் கெண்டைக்கால் அதற்குத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

இந்த வலி பெரும்பாலும் சில நாள் ஓய்வில் போய்விடும். நான் கவலைப்படுவது வேறு ஒரு வலியைப் பற்றி. பாதத்தின் மேல்பக்கம், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளில் ஒன்றை அழுத்திப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தாலோ மேலே வீங்கியிருந்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் எலும்பு டாக்டரிடம் போங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் விழத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

எனக்கு அது நடந்தது. அப்போது எனக்கு 54 வயது, பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். மகன் ஊருக்கு வரும்போது ஒரு ஜோடி வாங்கி வந்தான். போட்ட முதல் நாளே கால் இவ்வளவு லேசாக இருக்குமா என்று இருந்தது. தெப்பக்குளத்துக் கல்வரப்பின் சொரசொரப்பு, தார் ரோட்டின் சூடு, மைய மண்டபத்துக்கு நேரே கொட்டிக்கிடந்த மணல் எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரிந்தன. அந்த சந்தோஷத்தில் இரண்டாவது வாரமே ஐந்து சுற்று நடந்தேன். இடது பாதத்தின் மேலே வலி பிடித்தது. அதற்கு மேலும் நான்கு நாள் நடந்தேன். அப்புறம் ஆறு வாரம் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்த எனக்கு அது பெரிய வருத்தம்.

அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் பழக்கமான ஓட்டக்காரர்கள் 36 பேரைப் பத்து வாரம் கவனித்து 2013-ல் வெளியிட்டார்கள். விரல் ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அவர்களே 2019-ல் இன்னொன்றையும் சொன்னார்கள்: மெல்லிய ஷூ போட்டு எட்டு வாரம் வெறுமனே நடந்தாலே, பாதத்துக்கென்று தனி உடற்பயிற்சி செய்ததற்கு ஈடாகப் பாதத் தசை வலுப்பெறுகிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அவசரமாக ஓடினால் எலும்பு தாங்காது, மெதுவாக நடந்தால் தசை வளரும்.

எனவே முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் மட்டும், அதுவும் அரை மணி நேரம். அப்புறம் வெளியே பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது வலித்தால் கூட்டாதீர்கள். மூன்று மாதம் நடந்தபின் ஓட்டம், அதுவும் ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடக்கிற கணக்கில். மற்ற நேரத்துக்குப் பழைய ஷூ இருக்கட்டும். ரோம் ஒலிம்பிக்கில் 1960-ல் வெறுங்காலில் மாரத்தான் ஜெயித்த அபேபே பிகிலா, 1964-ல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டும் ஜெயித்தார். மாற்றி மாற்றிப் போடுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆபீஸ் பார்வைக்கு வருகிறேன். முதன்முதலில் நான் இதைப் போட்டுப் பள்ளிக்குப் போன நாளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து என் காலைப் பார்த்தார்கள். சரி, நீங்களும் ஷூவைக் கழற்றுங்கள் என்றேன். கட்டைவிரலை மட்டும் தனியாகத் தூக்குங்கள், மற்ற நான்கும் தரையில் இருக்கட்டும். அப்புறம் ஐந்தையும் விசிறி மாதிரி விரியுங்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் உடனே செய்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து கறுப்பு ஷூவிலேயே காலை அடைத்துவைத்திருந்த பிள்ளைகள் பலருக்கு விரல் அசையவே இல்லை. ஒரு பெண் கையால் விரலைப் பிடித்து விலக்கிப் பார்த்தாள். அந்த வயதிலேயே சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து யார் கேட்டாலும் நான் கூச்சப்படாமல் பதில் சொல்கிறேன். நீங்களும் ஒருமுறை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். வெளியாட்கள் வரும் கூட்டங்களுக்கு, முன்பக்கம் அகலமான சாதாரண ஷூ ஒன்று மேஜைக்கடியில் இருக்கட்டும்.

இதைப் போட்டால் முழங்கால் வலி, இடுப்பு வலி எல்லாம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா அம்மா?
– வாசகர், திருமங்கலம்

அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா, சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். பாதம் வலுவாகும், காயம் குறையும் என்று போதிய ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக விப்ரம் மீதே அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமல், 2014-ல் 37.5 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. என் முழங்கால் வலி குறைந்தது உண்மைதான். அதே வருடம் நான் ஆறு கிலோ எடையும் குறைத்தேன். எது காரணம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

என் கணவருக்கு 58 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. உங்கள் பதிலைப் படித்துவிட்டு விரல் ஷூ வேண்டும் என்கிறார். வாங்கலாமா டீச்சர்?
– வாசகி, அனுப்பானடி

வேண்டாம் அம்மா. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

தரையை உணர முடிகிறவருக்குத்தான் இந்த ஷூவால் பயன். கல் குத்தினால் கால் தானாக விலகும், சூடு பட்டால் நிழலுக்கு ஓடும். நாள்பட்ட சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தால் குத்தியதும் தெரியாது, சுட்டதும் தெரியாது. சித்திரை வெயிலில் தார் ரோட்டுச் சூட்டை இந்த மெல்லிய ரப்பர் தடுக்காது. விரலிடுக்கில் ஈரம் தங்கினால் புண் வரும், மரத்த காலில் அந்தப் புண் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை டாக்டர் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தச் சோதனை செய்து வருடம் ஆகிவிட்டதென்றால் இந்த வாரமே கூட்டிப் போங்கள். அவர் சொன்னால் எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுங்கள். தினமும் இரவில் நீங்களே அவர் இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கு வரை பாருங்கள். வீட்டுக்குள்ளும் அவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

மெட்டி போட்டுக்கொண்டு விரல் ஷூ போட முடியுமா அக்கா? கழற்ற மாமியார் சம்மதிக்க மாட்டார்.
– வாசகி, செல்லூர்

முடியும் மகளே, நானும் மெட்டியோடுதான் போடுகிறேன். ஆனால் முத்தும் பூவும் வைத்த மெட்டி ஆகாது, உறைக்குள் பக்கத்து விரலை அறுக்கும். மெல்லிய கம்பி மெட்டி, ஒரே சுற்று, விரலின் அடியோடு ஒட்டி இருக்க வேண்டும். ஐந்து விரல் சாக்ஸ் கிடைக்கிறது, அதைப் போட்டால் இன்னும் நல்லது. மாட்டும்போது குதிகாலை உள்ளே தள்ளாமல் முதலில் விரல்களை ஒவ்வொன்றாக உறைக்குள் விடுங்கள். சுண்டுவிரல்தான் அடம் பிடிக்கும், அதைக் கையால் பிடித்து விட வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம் ஆகும், அப்புறம் அரை நிமிடம்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற நாளில் மட்டும் இதைப் போடாதீர்கள். செருப்பு வைக்கிற இடத்தில் பின்னால் கூட்டம் நிற்கும்போது உட்கார்ந்து விரல் விரலாகக் கழற்ற முடியாது. அன்றைக்கு நான் சாதாரணச் செருப்புதான்.

என் மகனுக்கு ஆறு வயது. குழந்தைகளுக்கும் விரல் ஷூ வாங்கலாமா?
– வாசகி, விளாங்குடி

தேவையில்லை அம்மா, வீட்டிலும் மணலிலும் வெறுங்காலே போதும். நம் நாட்டில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தை எடுத்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 பேருக்குத்தான். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்கே அதிகம். அதற்காகத் தெருவில் வெறுங்காலோடு விடாதீர்கள். அசுத்தமான ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். பள்ளி ஷூ வாங்கும்போது பையனை நிற்கவைத்து, நீளமான விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இடம் இல்லாத ஷூவை ஒரு மாதம்கூடப் போடவிடாதீர்கள், விலை போனால் போகட்டும்.

தோட்ட வேலைக்கு இந்த ஷூ ஆகுமா?
– வாசகர், உசிலம்பட்டி அருகே

ஆகாது ஐயா. சீமைக் கருவேல முள் சாதாரணச் செருப்பையே துளைத்து ஏறும், இது அதற்கு முன்னால் காகிதம்.  என் அப்பா வயலுக்குப் போட்ட டயர் செருப்பே சரி. அடி தடிமன், ஆனால் குதிகால் உயரம் இல்லை, விரலும் விரிந்தே இருக்கும். எண்பது வயதிலும் அப்பாவின் கால்விரல்கள் விரித்த கைபோல இருந்தன.

மழையில் நனைந்தால் நாற்றம் தாங்க முடியவில்லை. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, திருப்பாலை

கழற்றியதும் அலசி, உறைகளுக்குள் பழைய பேப்பரைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் ரப்பர் ஒட்டு விட்டுப்போகும். ஈரத்தோடு மறுநாள் போடக் கூடாது, சேற்றுப்புண் வரும். மாசி வீதிகளில் சாக்கடையோடு மழைத்தண்ணீர் நிற்கிற நாளில் இதைப் போட்டு இறங்கவே வேண்டாம். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக ஏறும்.

ஒவ்வொரு வருடமும் தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிறேன். போன வருடம் பாதம் முழுக்கக் கொப்புளம். இந்த முறை விரல் ஷூ போடலாமா டீச்சர்?
– வாசகர், தத்தனேரி

வெறுங்காலோடு வருகிறேன் என்று வேண்டியிருந்தால் அது உங்களுக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது, நான் குறுக்கே வரமாட்டேன். அப்படி வேண்டுதல் இல்லையென்றால் போடலாம், ஆனால் புது ஷூவோடு கிளம்பாதீர்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை. நான்கு மாதம் முன்பே தொடங்கி, ஒரே நாளில் பதினைந்து கிலோமீட்டர் வலியில்லாமல் நடக்க முடிகிறதா என்று பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள். அளவு எடுக்கும்போது சாயங்காலம் எடுங்கள், நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம் அது. காகிதத்தின் மேல் நின்று குதிகாலிலிருந்து மிக நீளமான விரல் வரை குறியுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். பையில் சாதாரணச் செருப்பு ஒன்றும், ஐந்து விரல் சாக்ஸ் மூன்று ஜோடியும் இருக்கட்டும். போய் வந்ததும் பாதம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.