திங்கட்கிழமை வயிற்றுவலி

அன்புள்ள தங்கைக்கு,

எட்டாம் ஆண்டில் படிக்கும் மகன் அடிக்கடி பாடசாலைக்குப் போகாததைப் பற்றிப் பேச வருமாறு உள்ளூர் கவுன்சிலின் கல்வி நலன்புரி உத்தியோகத்தர் கடிதம் அனுப்பியதிலிருந்து உறக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பொலிஸ் அல்லர், பிள்ளையைப் பறித்துக்கொண்டு போக வருபவரும் அல்லர். அவன் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய முதல் வேலை.

இங்கிலாந்தில் காலை ஒருமுறை, பிற்பகல் ஒருமுறை வரவு பதிகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 380 பதிவுகள். பத்தில் ஒரு பங்கு, அதாவது 19 நாட்கள் தவறினாலே 'தொடர்ந்து வராதவர்' கணக்கில் பிள்ளை சேர்ந்துவிடும். 2022-23இல் ஐந்தில் ஒரு பிள்ளை அந்தக் கணக்கில் இருந்தது. இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த மானக்கேடு அல்ல.

ஒரு தாயுடன் இப்படியொரு சந்திப்புக்குப் போயிருக்கிறேன். உத்தியோகத்தர் வரவுப் பதிவை அச்சடித்து மேசையில் விரித்தார். வந்த வேளைக்குச் சாய்கோடு, சுகவீனத்துக்கு 'ஐ', அனுமதியில்லாமல் நின்றதற்கு 'ஓ'. வயிற்றுவலி என்று போட்ட 'ஐ' எல்லாம் திங்கட்கிழமைகளிலேயே விழுந்திருந்தன. "திங்கள் காலை முதல் பாடம் என்ன?" என்று கேட்டார். உடற்பயிற்சி. உடை மாற்றும் அறையில் சில பையன்கள் அந்தத் தாயின் மகனைப் படுத்திய பாடு வீட்டுக்கும் தெரியாது, வகுப்பாசிரியருக்கும் தெரியாது. அவன் தனியாக உடை மாற்ற வேறோர் அறை ஒதுக்கப்பட்டது. அந்தப் பையன்களின் பெற்றோரைப் பாடசாலை அழைத்துப் பேசியது. வயிற்றுவலி மெல்ல மெல்ல நின்றது.

ஒவ்வொரு பாடசாலையுடனும் தவணைக்கு ஒருமுறையாவது கவுன்சில் அணியினர் அமர்ந்து இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் அது சட்டவலுவுள்ள வழிகாட்டல். சில ஆசிரியர்கள் எண்ணாகப் பார்ப்பதை, வீட்டுக்கே போய்வரும் நல்ல உத்தியோகத்தர் பிள்ளையாகப் பார்க்க வைக்கிறார். அதனால்தான் இந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அபராதத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் வராத பத்து வேளைகள் (அரைநாள் ஒரு வேளை) சேர்ந்தால் அது வரலாம். பெற்றோர் ஒவ்வொருவருக்கும், ஒரு பிள்ளைக்கு 160 பவுண். முதல் முறையானால், 21 நாட்களுக்குள் கட்டினால் 80. பாடசாலை ஏற்றுக்கொண்ட சுகவீனம் இதில் சேராது. ஆனால் தவணை நடுவில் ஊரில் கல்யாணம் என்று அனுமதி பெறாமல் டிக்கெட் எடுத்தால், அந்த நாட்கள் அத்தனையும் சேரும்.

அவன் எந்தெந்தக் காலையில் மறுத்தான், முந்தின இரவு என்ன சொன்னான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவரின் கடிதம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மகனை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் பயத்தைத் தானே உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எந்தப் பிள்ளையாலும் முடியாது. நாளைக் காலையே கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.