கேட்டதும் சொன்னதும்: எங்க ஏரியா பழைய பேர் திரும்ப வருமா?

கே: எங்க ஏரியாவுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஒரு பேர் இருந்துச்சு, நடுவுல ஒரு தலைவர் பேர வச்சுட்டாங்க. பெரியவங்க இன்னும் பழைய பேரத்தான் சொல்றாங்க. நாங்க கையெழுத்து வாங்கி மனு குடுத்தோம், "அப்படி ஒரு பேர் இருந்ததுக்கு என்ன ஆதாரம்"னு திருப்பிட்டாங்க. காலம் கடந்து போச்சா?

ப: கடந்தெல்லாம் போகல. ஜெர்மனில கெம்னிட்ஸ்னு ஒரு ஊர், அங்க ஓடுற ஆத்தோட பேரும் அதான். 1953ல ஊர் பேர கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்னு மாத்துனாங்க, 1990ல ஓட்டு வச்சப்ப 76 சதவீதம் பேர் பழைய பேரே வேணும்னுட்டாங்க. ஆனா உங்க ஆபீசர் கேட்டதும் நியாயம்தாங்க. கையெழுத்து உங்க ஆசையக் காட்டும், பேர் இருந்துச்சுன்னு காட்டாது. வீடு வீடா போய் பரண்ல கிடக்கறத எறக்கச் சொல்லுங்க, கிரயப் பத்திரம், ஸ்கூல் சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, முத்திரை விழுந்த தபால் கவர், சர்வே மேப், எதுல அந்தப் பேர் இருந்தாலும் காப்பி எடுத்து வருஷ வரிசைல அடுக்குங்க. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஸ்பெல்லிங் இருக்கும், அங்கதான் தலைவலி! எது வேணும்னு உங்களுக்குள்ளயே சண்டை போட்டு முடிச்சுட்டுப் போங்க, ஆபீஸ்ல போய் ரெண்டு கோஷ்டியா நின்னா பைல மூடி வச்சுடுவாங்க. கையெழுத்தும் கதவு நம்பரோட இருக்கணும், வெளியூர்க்காரங்க ஆன்லைன்ல போட்ட பத்தாயிரத்த விட அந்தத் தெருவுல குடியிருக்கற இருநூறு பேருக்கு மதிப்பு ஜாஸ்தி.

கே: எங்க தெருவுலயே பாதிப்பேர் வேணாங்கறாங்க. எல்லா டாக்குமென்ட்லயும் அட்ரஸ் மாத்தணுமேங்கறாங்க, தலைவருக்கு அவமரியாதைங்கறாங்க.

ப: அவங்கள எதிரியா பாக்காதீங்க. ரஷ்யாவுல லெனின்கிராட்ங்கற ஊர்ல 1991ல ஓட்டு வச்சப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ங்கற பழைய பேருக்கு விழுந்தது 54 சதவீதம்தான். உலகப்போர் முற்றுகைல பசியோட கிடந்து மீண்டவங்களுக்கு அது லெனின்கிராட்தானே, எப்படி மனசு வரும்? ஊர் பேர் மாறிச்சு, சுத்தி இருக்கற மாகாணம் இன்னிக்கும் லெனின்கிராட் பேர்லயே இருக்கு. நீங்களும் தலைவர் பேர் மெயின் ரோட்டுக்கு இருக்கட்டும், ஏரியாவுக்குப் பழைய பேர் குடுங்கன்னு கேளுங்க, கூடவே ஏற்கெனவே இருக்கற டாக்குமென்ட் எல்லாம் செல்லும்னு ஒரு வரி ஆர்டர்லயே வரணும்னு எழுதிக் குடுங்க, பாதி எதிர்ப்பு அங்கயே அடங்கிடும். அதுவும் நடக்கலன்னா ரெண்டு பேரும் போர்டுல இருக்கட்டும்னு கேக்கலாம். நியூயார்க்ல சிக்ஸ்த் அவென்யூவ 1945ல அவென்யூ ஆஃப் தி அமெரிக்காஸ்னு மாத்துனாங்க, ஜனங்க வாயில அது நுழையவே இல்ல (அவ்ளோ நீளத்த டாக்ஸிக்காரர்கிட்ட யார் சொல்லுவா), 1984ல பழைய பேர் போர்டையும் திரும்ப மாட்டுனாங்க.

கே: போன் மேப்ல ரெண்டு பேரும் இல்ல, யாரோ கிளப்பிவிட்ட மூணாவது பேர் வருது சார்!

ப: அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல ஃப்ரூட் பெல்ட்னு ஒரு ஏரியா, ஜெர்மன்காரங்க பழத்தோட்டம் போட்ட இடம், தெருப் பேரே கிரேப், பீச், செர்ரின்னு இருக்கும். கூகுள் மேப் அத மெடிக்கல் பார்க்னு காட்டுச்சு, ஜனங்க விடாம சொல்லிச் சொல்லி மாத்த வச்சாங்க. நீங்களும் மேப்லயே ரிப்போர்ட் பண்ணுங்க. அதுக்குள்ள கடைக்காரங்ககிட்ட பேசி போர்டுலயும் பில்லுலயும் பழைய பேரப் போடச் சொல்லுங்க, அதுக்கு யார் ஆர்டரும் தேவையில்ல.