அம்மாவுக்குப் பரம்பரையாக வந்த கை எம்பிராய்டரியை மகள் ஆடைத் தொழிலாக்க எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு ஆடை வகை, மூன்று டிசைன். அதற்கு மேல் முதலில் வேண்டாம். அம்மாவின் கைப்பழக்கம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதனால் அவர் போடும் ஒவ்வொரு தையலையும் சிறு துண்டுத் துணியில் போடச் சொல்லி, எத்தனை இழை, ஊசி எண், ஆன நேரம் எல்லாவற்றையும் மகள் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பிறகு ஆள் சேர்க்கும்போது இந்தத் துணித்துண்டுகளும் குறிப்புகளும்தான் பாடப்புத்தகம்.

பருத்தித் துணியை முதலிலேயே அலசி, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் துணி சுருங்கி, பூவேலை புடைத்து நிற்கும். சிவப்பு, கருநீல நூல்களை ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தி, சாயம் ஒட்டுகிறதா பாருங்கள்.

துணியில் ஆடையின் வெட்டு வடிவத்தை (பேட்டர்ன்) வரைந்து, வெட்டாமலே ஃபிரேமில் மாட்டி வேலையை முடியுங்கள், வெட்டுவது கடைசியில். தையல் கோட்டிலிருந்து 2 செ.மீ. உள்ளே பூ நிற்கட்டும், பிறகு ஆடையின் அளவைக் குறைத்துத் தைக்க இடம் வேண்டும். நூலை இறுக்கி இழுத்தால் ஃபிரேமைக் கழற்றியதும் துணி சுருக்கம் காட்டும்.

பலர் சறுக்குவது விலையில்தான். பூவேலைக்கு 6 மணி நேரம் என்றால், அம்மாவுக்கும் 6 மணி நேரக் கூலி கணக்கில் வர வேண்டும். வீட்டு உழைப்பு என்று விட்டுவிட்டால், ஆர்டர் பெருகி வெளியாளை வைக்கும் நாளில் அந்த விலை கட்டுப்படியாகாது.