செங்கல் நிறம் வந்தால் வேலை கெட்டது

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஜியோலைட்டில் இரும்பு ஏற்றுகிறாள். "போட்ட இரும்பில் கொஞ்சம்தான் வேலை செய்யுது, மிச்சமெல்லாம் சும்மா கிடக்குது" என்று புலம்புகிறாள். எல்லாம் ஒரே இரும்புதானே ஐயா, அதில் என்ன பேதம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான் அம்மா. ஜியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த பொருள்; அதில் ஏற்றிய இரும்பின் வேலை, வேதிவினையை முடுக்கிவிடுவது. நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, இரும்பு கூடினால் வேலையும் கூடும் என்ற கணக்கில், இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டை இரும்பு நைட்ரேட் கரைசலில் தாராளமாக ஊறப்போட்டேன். காயவைத்து, ராத்திரி முழுக்க 550 டிகிரி ஃபர்னஸில் வைத்தேன். காலையில் திறந்தால் பீங்கான் கிண்ணம் நிறையச் செங்கல்பொடி! கைடு எட்டிப் பார்த்தார். "துருவை வறுத்து வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜியோலைட் என்பது சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து கட்டிய கூடு. இசட்.எஸ்.எம்-5-இன் துளை அரை நானோமீட்டர் அகலம்தான். அலுமினியம் உட்காரும் இடத்திலெல்லாம் ஓர் எதிர்மின்சுமை சேரும். ஒரே சிறு வளையத்தில் இரண்டு அலுமினியம் அமைந்துவிட்டால், அங்கே ஒற்றை இரும்பு அயனி வந்து மாட்டிக்கொள்ளும். சுற்றிலும் ஒரே தளத்தில் நான்கு ஆக்சிஜன்; மேலே காலி. இரும்புக்கு இப்படித் தட்டையாக உட்கார்ந்து பழக்கமில்லை. கூடு விடாது. அந்த அவஸ்தையில்தான் அதற்கு வேகம் வருகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரஸ் ஆக்சைடு வாயு பக்கத்தில் வந்தால், இரும்பு அதன் ஆக்சிஜனைப் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளும். நைட்ரஜன் வெளியே போய்விடும். வெறும் ஆக்சிஜன் வாயுவைக் கொடுத்துப் பாருங்கள், இது நடக்காது.

இப்படிப் பிடித்த ஆக்சிஜனுக்கு 'ஆல்ஃபா ஆக்சிஜன்' என்று பெயர். சைபீரியாவில், நோவோசிபிர்ஸ்கின் போரெஸ்கோவ் ஆய்வுக்கூடத்தில் பானோவ் குழுவினர் இதைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். பென்சீனை ஒரே படியில் பீனாலாக்கும். லேசில் மசியாத மீத்தேனைக்கூட அறை வெப்பத்திலேயே தாக்கும். அந்த இரும்பு ஒற்றையா, ஜோடியா என்று வெகுகாலம் வாக்குவாதம். 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, ஒற்றைதான் என்று காட்டியது.

இடம் கிடைக்காத இரும்பு என்ன செய்யும்? ஒன்றோடொன்று ஒட்டி ஆக்சைடு துகளாகிவிடும். என் கிண்ணத்தில் இருந்தது அதுதான்.

வேலை செய்யும் இடங்களை எண்ணவும் வழி உண்டு. ஓர் இடத்துக்கு ஓர் ஆக்சிஜன் என்பதால், 200 டிகிரி வாக்கில் நைட்ரஸ் ஆக்சைடைச் செலுத்தி, வெளிவரும் நைட்ரஜனை அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். அதற்குமுன் சாம்பிளை ஹீலியத்திலோ வெற்றிடத்திலோ 900 டிகிரி வரை சூடாக்குவார்கள். இரும்பு அப்போதுதான் இரண்டு மின்சுமை நிலைக்கு இறங்கும்.

இதனால் பிரயோஜனம் என்ன என்பீர்கள். நைட்ரிக் அமில ஆலைப் புகையில் போகும் நைட்ரஸ் ஆக்சைடை உடைக்க இரும்பு ஜியோலைட் இப்போதே பயன்படுகிறது. அந்த வாயு, கரியமில வாயுவைப்போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. மீத்தேனை மெத்தனாலாக்கும் கதைதான் இழுபறி: உண்டான மெத்தனால் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர்விட்டு அலசித்தான் எடுக்கவேண்டும்.

அப்புறம், மகளிடம் சாம்பிளின் நிறத்தைக் கேளுங்கள். வெளிறி இருந்தால் மேற்கொண்டு அளக்கலாம். செங்கல் நிறமென்றால், இரும்பைக் குறைத்துப் போட்டு மறுபடி ஊறவைக்கச் சொல்லுங்கள், கைடு டீ குடித்துவிட்டு வருவதற்குள்.